கஷாயமா, மாத்திரையா, தடுப்பூசியா? மழைக்கு முன் ஓர் ஒப்பீடு

டெல்டாவில் ஐப்பசி பிறந்தால் மழை, சேறு, காய்ச்சல் மூன்றும் சேர்ந்துதான் வரும். டெங்கு, எலிக்காய்ச்சல், டைபாய்டு, உண்ணிக்காய்ச்சல் என்று பெயர்தான் வருஷத்துக்கு வருஷம் முன்பின்னாக மாறும். அதனால் புரட்டாசியிலேயே மருந்துக் கடைக்கு வருகிறவர்கள் "எதிர்ப்பு சக்திக்கு ஏதாவது குடுங்க" என்று கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள். கும்பகோணம் பக்கம் கடை வைத்திருக்கும் என்னிடம் இதற்கு விற்க நிறையவே இருக்கிறது. துத்தநாக மாத்திரை, விட்டமின் சி, சீந்தில் மாத்திரை, நிலவேம்புப் பொடி எல்லாம் கண்ணில் படுகிற தட்டில்தான் அடுக்கியிருக்கிறேன். ஆனாலும் கேட்கிறவரிடம் முதலில் நான் திருப்பிக் கேட்பது, "இப்ப என்னென்ன மருந்து சாப்பிடுறீங்க?" என்பதைத்தான்.

மழைக்கு முன் ஒருவர் செய்யக்கூடியவை நான்கு. மூலிகை எடுத்துக்கொள்ளலாம். சத்து மாத்திரை போடலாம். தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளில் தொற்றுக்குக் கதவு திறந்துவிடுவது எது என்று பார்த்து, மருத்துவரிடம் சொல்லிச் சரிசெய்துகொள்ளலாம். கடைசியாகச் சொன்னதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. என் கணக்கில் அதுதான் முதலிடம். தடுப்பூசி இரண்டாவது. மூலிகை மூன்றாவது, அதுவும் ஆளைப் பொறுத்து. சத்து மாத்திரைக்குக் கடைசி இடம்.

இந்த வரிசை ஏன் என்று புரிய, உடம்பு தொற்றை எங்கெல்லாம் தடுக்கிறது என்று ஒரு பார்வை பார்த்தால் போதும். தோல் முதல் தடுப்பு. சாப்பாட்டோடு உள்ளே போகும் கிருமியை வயிற்று அமிலம் கொல்கிறது. மூச்சுக்குழாயில் சளியும் நுண்ணிய மயிரிழைகளும் தூசியையும் கிருமியையும் வெளியே தள்ளுகின்றன. குடலில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் கெட்டதற்கு இடம் கொடுப்பதில்லை. இதையெல்லாம் தாண்டி வருவதை வெள்ளையணுக்களும் ஆன்டிபாடிகளும் பார்த்துக்கொள்கின்றன. எந்த மருந்தானாலும், மூலிகையானாலும், இதில் ஏதோ ஒன்றிரண்டைத்தான் தொடும். மொத்தத்தையும் ஒரே தூக்காகத் தூக்கிவிடும் பொருள் எதுவும் கிடையாது. தூக்குவது நல்லதும் இல்லை. முடக்குவாதம், சொரியாசிஸ், லூபஸ் போன்ற நோய்களில் பிரச்சினையே இந்தப் பாதுகாப்பு அளவுமீறி சொந்த உடம்பையே தாக்குவதுதான். டெங்குவில் இரண்டாம் முறை வேறு வகை வைரஸ் தொற்றினால் நோய் கடுமையாவதற்கு, முதல் முறை உண்டான ஆன்டிபாடிகளே ஒரு காரணம்.

வீட்டு மாத்திரை டப்பா

எதிர்ப்பைக் குறைப்பதில் முதல் இடம் ஸ்டீராய்டுக்கு. பிரெட்னிசோலோன், டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், டெஃப்லசகார்ட் எல்லாம் ஒரே குடும்பம். நல்ல மருந்துதான். ஆஸ்துமா முற்றி மூச்சுத் திணறுகிறவருக்கு உயிர் காக்கும். ஆனால் வெள்ளையணுக்களின் வேலையை மட்டுப்படுத்தித்தான் அது வீக்கத்தையும் வலியையும் குறைக்கிறது. ஒருவர் தினமும் 20 மில்லிகிராமோ அதற்கு மேலோ பிரெட்னிசோலோனை இரண்டு வாரம் தாண்டிச் சாப்பிட்டால், அவருடைய தற்காப்பு நன்றாகவே இறங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்ள வேண்டும். உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரித்த தடுப்பூசிகளை அவருக்குப் போடக் கூடாது. உள்ளே பதுங்கியிருக்கும் காசநோய் தலைதூக்கலாம். சர்க்கரை ஏறும். இன்னொரு தொல்லை, தொற்று வந்தாலும் காய்ச்சல் தெரியாமல் போகலாம். ஸ்டீராய்டு காய்ச்சலையும் அமுக்கிவிடும்.

டெக்சாமெத்தசோன் மாத்திரை பார்க்கச் சின்னதாக இருக்கும். 0.75 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோனுக்குச் சமம். அதாவது அதில் 4 மில்லிகிராம் போட்டால், பிரெட்னிசோலோனில் 25-ஐத் தாண்டிவிடும். கை கால் வலி, உடம்பு வலி என்று போனால் நாலைந்து மாத்திரையைப் பேப்பரில் மடித்துக் கொடுக்கும் 'செட்' பழக்கம் நம் கடைத்தெருக்களில் இன்னும் சாகவில்லை. அந்த மடிப்பில் இது இருந்தால் மறுநாளே வயலுக்குப் போகலாம் போல உடம்பு லேசாகிவிடும். ராசியான கடை என்று பெயர் பரவும். என் தொழிலில் இருக்கிறவர்களே செய்கிற வேலை இது. சொல்லக் கசப்பாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

வெறுங்காலோடு சேற்றில் நிற்கிற நம் ஊர்க்காரர்களுக்கு இதில் தனியாக ஓர் ஆபத்து உண்டு. ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற குடல் புழு ஈரமண்ணிலிருந்து பாதத்தோல் வழியாக உள்ளே போகும். பல வருஷம், சிலருக்குப் பல பத்தாண்டுகள்கூட, சத்தமில்லாமல் இருக்கும். ஸ்டீராய்டு ஆரம்பித்த பிறகு அது கட்டுமீறிப் பெருகி உடம்பெங்கும் பரவினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே நீண்ட நாள் ஸ்டீராய்டு எழுதும் மருத்துவரிடம் "நான் வயல் வேலை செய்கிறவன், செருப்பில்லாமல் சேற்றில் இறங்குகிறவன்" என்று சொல்வது வெட்டிப்பேச்சு இல்லை. புழுவுக்கு முன்கூட்டியே மருந்து கொடுக்கலாமா என்று அவர் யோசிப்பார்.

2021-ல் கரும்பூஞ்சை வந்தது யாருக்கும் மறந்திருக்காது. பெரும்பாலும் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாமல், கொரோனாவுக்கு ஸ்டீராய்டும் எடுத்தவர்களைத்தான் அது பிடித்தது. முந்தைய வருஷமே இங்கிலாந்தில் நடந்த பெரிய ஆய்வில், ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களுக்கு டெக்சாமெத்தசோன் உயிர் காக்கிறது, தேவைப்படாதவர்களுக்கு நன்மை இல்லை என்று தெளிவாகிவிட்டிருந்தது. இருந்தும் வீட்டிலிருந்தபடியே வாங்கிப் போட்டவர்கள் பலர்.

ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்திவிடக் கூடாது. மூன்று வாரத்துக்கு மேல் சாப்பிட்டவர்களுக்கு உடம்பு தானே சுரக்க வேண்டிய ஸ்டீராய்டைச் சுரக்க மறந்திருக்கும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரலாம். மருத்துவர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

படர்தாமரை கிரீமையும் இந்த டப்பாவோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். ஸ்டீராய்டும் பூஞ்சைக் கொல்லியும் கலந்த கிரீம்கள் இரண்டே நாளில் அரிப்பை அடக்கும். ஆனால் அந்த இடத்துத் தோலின் எதிர்ப்பு போய், படை இன்னும் அகலமாகத் திரும்பி வரும். ஸ்டீராய்டு உள்ள பல கிரீம்களை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்ததற்கு இதுதான் காரணம். சேற்றுப்புண்ணுக்கு இதைத் தடவுவது இன்னும் மோசம். எலி சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து எலிக்காய்ச்சல் கிருமி நுழைவதே ஊறிப்போன தோலிலும் வெடிப்பிலும்தான்.

மற்ற மருந்துகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருமுறை மாத்திரை. தினமும் போட்டுவிட்டால் வாயெல்லாம் புண்ணாகி வெள்ளையணு விழுந்துவிடும். அதோடு கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாட்டிக் சேர்ந்தாலும் எலும்பு மஜ்ஜை அடிவாங்கும். சிறுநீர்க் கடுப்புக்கு என்று அதைத் தானாக வாங்கிப் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டும். தைராய்டு அதிகமாகச் சுரப்பதற்குக் கொடுக்கும் கார்பிமசோல், அபூர்வமாக, வெள்ளையணுவை அடியோடு குறைத்துவிடும். தொண்டை வலியோடு காய்ச்சல் வருவதுதான் அதன் அடையாளம்.

கேஸ் மாத்திரை என்று பெயர் பெற்ற பான்டோபிரசோல், ஒமிபிரசோல் வயிற்று அமிலத்தைக் குறைப்பதால் குடல் தொற்றுக்கு வாய்ப்பு கூடும். தேவையே இல்லாமல் வருஷக்கணக்கில் காலையில் இதைப் போட்டுக்கொண்டிருப்பவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். நிறுத்த முடியுமா என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். டாபாகிளிஃப்ளோசின் போன்ற சுகர் மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுவதால், பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம். அதைச் சொல்ல வெட்கப்பட்டு, ஆறு மாதம் அரிப்போடு இருந்த பிறகுதான் கேட்பார்கள். ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பினால் வாயில் வெள்ளையாகப் பூஞ்சை படியாது. சளிக்கு வாங்கிப் போடும் ஆன்டிபயாட்டிக், வைரஸை ஒன்றும் செய்யாமல் குடலின் நல்ல பாக்டீரியாவை அழித்துவிட்டுப் போகும்.

நாட்டுமருந்துக் கடைப் பக்கம்

முதலில் நிலவேம்புக் குடிநீர். நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என்று ஒன்பது சரக்கு. டெங்கு பரவிய 2012-ஐ ஒட்டித் தமிழக அரசு மருத்துவமனைகளிலேயே இதைக் கொடுத்தார்கள். 2020-ல் கபசுரக் குடிநீர் தெருத்தெருவாக வந்தது. நிலவேம்புக்குச் சளி, தொண்டைவலியின் தொந்தரவைக் குறைக்கும் குணம் இருப்பதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. காய்ச்சல் நேரத்துக் கசப்புக் குடிநீரை நான் குறைசொல்லமாட்டேன். எங்கள் வீட்டிலும் காய்ச்சுகிறோம். ஆனால் இதைக் குடித்தால் டெங்கு வராது, எலிக்காய்ச்சல் வராது என்று நம்பி கொசுவையும் சேற்றுப்புண்ணையும் விட்டுவிட்டால் பலன் தலைகீழ். கர்ப்பிணிகள் தவிர்ப்பது நல்லது. சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள், காய்ச்சலில் சாப்பாடு இறங்காத நாளில், இதையும் குடித்தால் சர்க்கரை தாழ்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அபூர்வமாகக் கடுமையான ஒவ்வாமையும் வந்திருக்கிறது. ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது.

சீந்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய விஷயம். வேப்பமரத்தில் ஏறிய சீந்தில்தான் விசேஷம் என்று நம் பக்கம் சொல்வார்கள். வெள்ளையணுக்களைத் தூண்டும் குணம் அதற்கு இருப்பதாகச் சோதனைக்கூட ஆய்வுகள் சொல்கின்றன. அந்தக் குணமேதான் வம்பும். 2021-ல் மும்பை மருத்துவர்கள், சீந்தில் எடுத்த ஆறு பேருக்கு உடம்பின் பாதுகாப்பே கல்லீரலைத் தாக்குவது போன்ற மஞ்சள்காமாலை வந்ததை எழுதினார்கள். அடுத்த வருஷம் வெவ்வேறு ஊர் மருத்துவமனைகளிலிருந்து இன்னும் பலரைப் பற்றிய அறிக்கை வந்தது. ஆயுஷ் அமைச்சகம் இதை ஒத்துக்கொள்ளவில்லை. பார்க்க அதே மாதிரி இருக்கும், தண்டெல்லாம் முண்டுமுண்டாகப் புடைத்த வேறொரு கொடியைத் தவறாக எடுத்திருக்கலாம் என்றது. யார் சொல்வது சரி என்று வாதாட எனக்குத் தகுதி இல்லை. ஆனால் வாங்குகிறவருக்கு இரண்டும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது. சரியான கொடி என்றால் ஆபத்து சிலருக்கு இருக்கிறது. தவறான கொடி என்றால் பொட்டலத்தில் எது இருக்கிறது என்று உறுதியில்லை. முடக்குவாதம், லூபஸ், தைராய்டு போன்ற தன்னெதிர்ப்பு நோயோ கல்லீரல் கோளாறோ உள்ளவர்கள், மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்கள் சீந்தில் பக்கமே போகக் கூடாது என்பது என் கருத்து. அமுக்கரா மாத்திரைக்கும் இதையேதான் சொல்வேன்.

அதிமதுரம் தொண்டைக்கு இதம். ஆனால் அது உடம்பில் உள்ள ஸ்டீராய்டு சிதையாமல் தடுக்கிறது. பிரெட்னிசோலோன் சாப்பிடுகிறவர் தினமும் அதிமதுரக் கஷாயமும் குடித்தால், சீட்டில் எழுதியதைவிட அதிக ஸ்டீராய்டு சாப்பிட்டது போல ஆகலாம். ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். இதய மருந்தோ நீர் போகும் மாத்திரையோ எடுப்பவர்களுக்குப் பொட்டாசியம் இறங்குவது ஆபத்து.

மஞ்சளும் மிளகும் குழம்பில் எவ்வளவு போட்டாலும் பயமில்லை. செறிவான மஞ்சள் மாத்திரைதான் வேறு கதை. வெறும் மஞ்சள் குடலில் அவ்வளவாக உறிஞ்சப்படுவதில்லை என்று அதில் மிளகுச் சத்தைச் சேர்க்கிறார்கள். அந்த மிளகுச் சத்து, குடலிலும் கல்லீரலிலும் மருந்தை உடைக்கும் வேலையைத் தடுக்கும். வலிப்புக்கான ஃபெனிட்டாயின் போன்றவற்றின் அளவு ரத்தத்தில் கூடிவிடும். இந்த மாதிரி மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள். மாற்றுச் சிறுநீரகக்காரர்கள், மாற்று உறுப்பை உடம்பு ஒதுக்கிவிடாமலிருக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸ் சாப்பிடுகிறவர்கள், கொல்லையில் காய்க்கிற பம்பளிமாஸைக்கூட மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. அதற்கும் இதே குணம் உண்டு.

"இங்கிலீஷ் மருந்துக்கும் நாட்டு மருந்துக்கும் அரை மணி இடைவெளி விட்டால் போதும்" என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. வயிற்றில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைத்தான் இடைவெளி தடுக்கும். கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் நடக்கிற வேலை அரை மணியில் தீர்ந்துபோவதில்லை. அதிமதுரத்தின் பாதிப்பு நாட்கணக்கில் நிற்கும்.

பெயரில்லாப் பொடிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூட்டுவலிக்கும் ஆஸ்துமாவுக்கும் லேபிள் இல்லாமல் விற்கும் சில பொடிகளிலும் உருண்டைகளிலும் ஸ்டீராய்டு கலந்திருப்பது இந்தியாவில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. மூன்றே நாளில் வலி பறந்து, மூன்றே மாதத்தில் முகம் உருண்டு, சர்க்கரை ஏறினால் சந்தேகப்படுங்கள். எதிர்ப்பு சக்திக்கென்று வாங்கியதே எதிர்ப்பைக் குறைக்கிற கொடுமை இதுதான்.

இதனால் சித்த மருத்துவத்தையே ஒதுக்கச் சொல்கிறேன் என்று அர்த்தமில்லை. இரண்டு நூற்றாண்டுக்கு முன் தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி மன்னர் நடத்திய தன்வந்திரி மகாலில் நாட்டு வைத்தியர்களும் ஆங்கில வைத்திய முறை தெரிந்தவர்களும் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தார்கள். இன்று அரசு மருத்துவமனைகளில் சித்தா பிரிவு இருக்கிறது. படித்த சித்த மருத்துவர் நீங்கள் சாப்பிடும் மாத்திரைச் சீட்டைக் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் கஷாயம் எழுதுவார். யூடியூப் அதைக் கேட்காது.

ஊசி, சத்து மாத்திரை

தடுப்பூசியின் நல்ல குணம், எதைத் தடுக்கிறது என்று அது பெயர் சொல்லிச் சொல்கிறது. ஃப்ளூ ஊசியை வருஷாவருஷம் போட வேண்டும். பலன் வர இரண்டு வாரம் ஆகும் என்பதால் மழைக்கு முன் போடுவது சரி. வயதானவர்கள், சர்க்கரை, நுரையீரல் நோய் உள்ளவர்கள், ஸ்டீராய்டோ மெத்தோட்ரெக்சேட்டோ சாப்பிடுகிறவர்கள்தான் இதற்கு முதல் ஆட்கள். இவர்களுக்கு நிமோனியா தடுப்பூசியும் உண்டு. கதிர் அரிவாளோடு வேலை செய்கிறவர்களுக்கு டெட்டனஸ் ஊசி விட்டுப்போகக் கூடாது. டைபாய்டுக்கு நம் நாட்டிலேயே தயாராகும் நல்ல ஊசி இருக்கிறது.

குறையும் உண்டு. ஃப்ளூ, நிமோனியா ஊசிகளுக்குத் தனியாரில் கைக்காசு போகும். எலிக்காய்ச்சலுக்கும் டெங்குவுக்கும் நம் மருத்துவமனைகளில் வழக்கமாகப் போடுகிற ஊசி எதுவும் இல்லை. வெள்ளத்தில் வேலை செய்ய வேண்டியவர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமலிருக்க டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கை வாரம் ஒருமுறை கொடுப்பது உண்டு. சுகாதார நிலையத்தில் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் இது கூடாது. எதிர்ப்பைக் குறைக்கும் மருந்தை இனிமேல்தான் ஆரம்பிக்கப் போகிறவர்கள், ஆரம்பிப்பதற்கு முன்பே ஊசிகளைப் போட்டுக்கொண்டால் பலன் கூடுதல்.

சத்து மாத்திரைக்கு அதிக இடம் தர மனமில்லை. தினமும் விட்டமின் சி சாப்பிடுவதால் சாதாரண ஆட்களுக்குச் சளி வருவது குறைவதில்லை. வந்த சளி பெரியவர்களுக்குச் சுமார் 8 சதவீதம் சீக்கிரம் போகிறது. அதாவது ஒரு வாரச் சளியில் அரை நாள். நெல்லிக்காய், கொய்யா கிடைக்கிற ஊரில் இதற்கு ஏன் காசு? துத்தநாகத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அதைப் பெரிய அளவில் மாதக்கணக்கில் போட்டால் உடம்பில் தாமிரம் குறைந்து, அதனால் வெள்ளையணுவே குறைந்துவிடும். பெரியவர்களுக்குச் சாப்பாட்டையும் சேர்த்து நாளுக்கு 40 மில்லிகிராம் எல்லை. கொரோனா காலத்தில் ஆரம்பித்த 50 மில்லிகிராம் மாத்திரையை இன்னும் விடாதவர்கள் உண்டு.

யாருக்கு எது

வேறு மருந்தே சாப்பிடாத, திடமான வயல் வேலைக்காரருக்கு நிலவேம்போ, மிளகு ரசமோ அவரவர் இஷ்டம். காசைச் செலவழிக்க ஆசைப்பட்டால் முதலில் காலுக்குச் செலவழிக்கட்டும். சாயங்காலம் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைத்து, புண்ணுக்கு ஸ்டீராய்டு இல்லாத பூஞ்சை மருந்தைத் தடவினால் அதுவே பெரிய தடுப்பு. சர்க்கரைக்காரருக்கு, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதைவிடப் பெரிய எதிர்ப்பு சக்தி மருந்து இல்லை. அப்புறம் ஃப்ளூ ஊசி. கஷாயம் குடித்தால் சர்க்கரை அளவைப் பார்த்துக்கொண்டு குடிக்கலாம். ஸ்டீராய்டு, மெத்தோட்ரெக்சேட், மாற்று உறுப்புக்கான மருந்து, புற்றுநோய் மருந்து எடுப்பவர்கள் 'சக்தி ஏற்றும்' பொடி எதையும் வாங்க வேண்டாம். அந்தக் காசில் ஊசி போட்டுக்கொள்ளலாம்.

இவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் அவகாசம் குறைவு. 100.4 டிகிரியைத் தொட்டால் பாராசிட்டமால் போட்டு இரண்டு நாள் பார்ப்போம் என்று இருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர் காய்ச்சல் தெரியாவிட்டாலும், திடீரென்று தளர்ந்து மூச்சு வாங்கினால் போக வேண்டும். டெங்குவாக இருக்கலாம் என்பதால் ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் வகை வலி மாத்திரையைத் தானாகப் போடக் கூடாது. போகும்போது மாத்திரை அட்டைகளோடு பொடிப் பொட்டலத்தையும் லேகிய டப்பாவையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். திட்டுவாரோ என்று பயந்து நாட்டு மருந்தை மறைப்பவர்கள்தான் அதிகம். ஸ்டீராய்டை நிறுத்தாமல் போக வேண்டும். மெத்தோட்ரெக்சேட்டை மருத்துவர் பார்க்கும்வரை அந்த வாரம் போடாமல் வைக்கலாம். கார்பிமசோல் சாப்பிடுகிறவர் தொண்டை வலியோடு காய்ச்சல் வந்தால் அதை நிறுத்திவிட்டு, அன்றைக்கே ரத்தத்தில் வெள்ளையணு எண்ணிக்கை பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.